பாவுக் கஞ்சியும் மூலக்கூறு எடையும்

சித்தூர் மாவட்டத்தின் நகரி வட்டாரம் விசைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. துணியின் அளவுக்கேற்பக் கூலி பெறும் நெசவாளிக்கு, பாவு நூல் அறுந்து தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வருவாய் இழப்பேயாகும். இதனைத் தவிர்க்கவே பாவுக்குக் கஞ்சி ஏற்றப்படுகிறது. கஞ்சி மிகக் கெட்டியாயின் நூலின் மேலேயே படிந்து தறியில் உதிரும். மிக நீர்த்திருப்பின் உள்ளே ஊறிவிடுமேயன்றி மேலே காப்பாக நிற்காது.

ஒரே எடையுள்ள மாவை ஒரே அளவு நீரில் காய்ச்சினும், எல்லாக் கஞ்சியும் ஒன்றுபோல் அமைவதில்லை. மாவுச்சத்து, குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த பலபடிச் சேர்மம். நீர்த்த கரைசலில் இச்சங்கிலி தளர்ந்த நூற்பந்துபோல் சுருண்டு, தன் பருமனைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சங்கிலி நீள நீள, ஒரு கிராம் பொருள் அடைக்கும் இடமும் கூடும். கரைசலின் ஓட்டமும் தடைப்படும்.

இத்தொடர்பை 1930-ஆம் ஆண்டை ஒட்டி எடுத்துரைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். 1953-இல் நோபெல் பரிசு பெற்றவர். பாகுநிலை மூலக்கூறு எடைக்கு நேர் விகிதத்தில் உயரும் என்பது அவர் கருத்து. மார்க், ஹூவிங்க், சகுராதா ஆகியோர் அதனைத் திருத்தி, எடையின் ஓர் அடுக்குக்கு ஏற்பவே உயரும் என்றனர். நெகிழும் சங்கிலிகளுக்கு இவ்வடுக்கு பெரும்பாலும் 0.5 முதல் 0.8 வரை இருக்கும். 0.7 எனக் கொண்டால், எடை 10 மடங்காகும்போது உள்ளார்ந்த பாகுநிலை 5 மடங்காகிறது. கிளைத்த மூலக்கூறு கச்சிதமாக இருப்பதால், அதே எடையுள்ள நேர்ச் சங்கிலி அளவுக்குத் தடை தருவதில்லை.

தொட்டியிலுள்ள கஞ்சி நீர்த்த கரைசலன்று. அங்கே சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், நீளத்தின் விளைவு இன்னும் கடுமையாகும். எனவேதான் அமிலத்தால் சங்கிலியைச் சற்றே குறுக்கிய மாவு, எளிதில் பாயும் கஞ்சியைத் தருகிறது. அது மெல்லியதாகத் தோன்றுவதால் கலப்படம் என ஐயுறுவோர் உண்டு. உண்மையில், பாகுநிலை உயராமலேயே கூடுதல் மாவை அதில் கரைத்து நூலில் ஏற்றலாம். மாறாக, நாட்பட்டுப் புளித்த கஞ்சியில் நுண்ணுயிர்கள் சங்கிலியைக் கட்டுப்பாடின்றித் துண்டிக்கின்றன. அதன் படலம் வலுவிழக்கிறது. தராசு இவ்வேறுபாட்டைக் காட்டாது. துளையிட்ட ஒரு கோப்பையிலிருந்து கஞ்சி வடியும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்தாலே போதும். தறி உரிமையாளர்கள் பலர் கூடி வாங்கினால் இதற்காகும் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று.

செயற்கைப் பசையான பாலிவினைல் ஆல்கஹால், 20 டிகிரி செல்சியசில் அதன் 4 சதவீதக் கரைசலின் பாகுநிலையைக் கொண்டே தரம் பிரித்து விற்கப்படுகிறது. மாவு வாங்குவோரும், மூட்டையின் விலையோடு பாகுநிலையையும் கேட்டு வாங்கலாம்.