கொம்பை இடம் மாற்றும் பத்து வரி

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை என்று இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் டி.டி.பி. செய்த ஃபைல் ஏதாவது கைவசம் இருந்தால் இன்றைய கணினியில் திறந்து பாருங்கள். பாமினி ஃபான்டில் அடித்தது என்றால், ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டதாக நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அது பிறந்ததே அப்படித்தான். ஆங்கில எழுத்துகளுக்கான எண்களைக் கணினியில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது அந்தக் கால ஃபான்டுகளின் உத்தி. ஃபான்ட் போனால் தமிழும் போய்விடும்.

தமிழ்நாடு அரசு 2010-இல், தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் தரும் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்னும் பின்னும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினியில் சேர்ந்த குவியல் பெரிது. ஒரு பக்கம் என்றால் இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் ஒட்டி எடுத்துக்கொள்ளலாம். முந்நூறு ஃபைல் என்றால்? அங்கேதான் ஸ்கிரிப்டுக்கு வேலை வருகிறது.

ஸ்கிரிப்ட் என்பது நோட்பேடில் எழுதி வைக்கும் கட்டளைகள், அவ்வளவுதான். பைதான் போன்ற மொழி அதை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்யும். அதற்குப் பொத்தான் வேண்டாம், அழகான திரை வேண்டாம். எழுதியவர் ஒருவருக்குப் பயன்பட்டால் போதும். இந்த ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் எடு, இந்தக் குறியை இந்த எழுத்தாக மாற்று, வேறு ஃபோல்டரில் சேமி. பாமினி மாற்றியின் எலும்புக்கூடு இதுதான். எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை நீளமாக இருக்கும். வேலை செய்யும் பகுதி பத்து வரிக்கு மேல் போகாது.

ஆனால் அந்தப் பத்து வரியை எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். ‘கொ’ என்று எழுதும்போது கை முதலில் ஒற்றைக்கொம்பு போடுகிறது, பிறகு ககரம், பிறகு கால். பாமினியும் கை போன வழியிலேயே மூன்று குறிகளைச் சேமிக்கிறது. யூனிகோடில் ககரம் முதலில் வரும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக அதன் பின்னால் வரும். ஒவ்வொரு குறியையும் நேருக்கு நேர் மாற்றினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் அநாதையாக, புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கும். ஆகவே ‘கொம்பு, ஏதேனும் ஓர் எழுத்து, கால்’ என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் எழுத்தை முன்னால் இழு என்று தனி விதி எழுத வேண்டும். ஒ, ஓ, ஔ வரிசைகளில் 18 மெய்க்கும் கணக்கிட்டால் 54 எழுத்துகள். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பதை ரெஜெக்ஸ் என்ற குறிமுறையில் சொல்லிவிட்டால் மூன்று வரியில் முடிந்துவிடும். இந்த விதிகள் முதலில் ஓட வேண்டும், தனிக் குறிகளை மாற்றும் விதிகள் அதற்குப் பிறகுதான்.

ஔகாரம் இன்னும் பொல்லாதது. ‘கௌரவம்’ என்பதில் ‘கௌ’வின் கடைசியில் நிற்கும் சிறகுக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே சாவி. ‘கொம்பு, எழுத்து, ளகரம்’ வந்தால் ஔகாரம் என்று விதி எழுதினால் கௌரவம் சரியாகிவிடும். ‘வெளியீடு’ மட்டும் ‘வௌியீடு’ ஆகிவிடும். இந்தப் பிழையை இணையத்தில் எத்தனையோ பக்கங்களில் பார்க்கலாம். எங்கோ ஒரு மாற்றி இப்படித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தீர்வு எளிது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம். இல்லையென்றால் ஔகாரத்தின் சிறகு. வெளி, வெள்ளி, தெளிவு எல்லாம் தப்பித்துவிடும். பிழைதிருத்துபவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்தவுடனே தெரியும். கணினிக்கு அந்தப் பார்வையை ஒரு வரியாக எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் கலந்த ஃபைல் என்றால் இன்னொரு தொல்லை: வெற்று டெக்ஸ்டாகச் சேமித்ததும் ஃபான்ட் விவரம் போய்விடுவதால், ஆங்கில முகவரியும் தமிழ் உளறலாக மாறும். அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிச் சின்னச் சின்னக் கட்டளைகளைக் கோத்து வேலை வாங்கும் பழக்கம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வளர்ந்தது. தோட்டத்து ரப்பர் குழாய்களை ஒன்றோடொன்று இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று அங்கே பணியாற்றிய டக் மெக்கில்ராய் 1964-இலேயே குறிப்பு எழுதினார். 1973-இல் அந்த வசதி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வந்தது. அதன் புகழ்பெற்ற நிகழ்ச்சி 1986-இல் நடந்தது. ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரலை எழுதித் தருமாறு பத்தி எழுத்தாளர் ஜான் பென்ட்லி கேட்க, கணினி அறிஞர் டொனால்ட் கனூத் பல பக்கங்களுக்கு நீளும் நிரலைத் தந்தார். அதை விமர்சித்த மெக்கில்ராய் அதே வேலையை ஆறே கட்டளைகளைக் கோத்துச் செய்து காட்டினார். நிரலை எப்படி விளக்கி எழுதுவது என்று காட்டத்தான் கனூத்தைக் கேட்டிருந்தார்கள், ஆகவே இது சமமான போட்டி இல்லை. இருந்தாலும் அந்த ஆறு கட்டளைகள் இன்றும் அப்படியே ஓடும்.

தமிழுக்கு மட்டும் ஓடாது. ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக்கு என்பது முதல் கட்டளை. தமிழ் உரையைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே எல்லாம் காலி. பைதானும் பெரிய யோக்கியன் இல்லை. அதில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு உள்ள குறியைப் பயன்படுத்தினால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடைகிறது. யூனிகோடின் வகைப்பாட்டில் இகரக்குறியும் புள்ளியும் எழுத்துகள் இல்லை, எழுத்தோடு ஒட்டும் அடையாளங்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களும் சொல்லுக்குள் அடக்கம் என்று நாமே எல்லை சொல்லிவிட்டால் எண்ணிக்கை சரியாக வரும். அயல்மொழிக்காரர் எழுதியதை அப்படியே எடுத்து ஓட்டாமல், ஒரு வரியாவது நம் கையால் மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப அடிப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு இதைவிட எளிய வழியும் உண்டு. விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள், இரண்டு மூன்று எழுத்து அடித்ததும் முழு முகவரியையும் விரித்து எழுதிவிடும். பல கைபேசி விசைப்பலகைகளில் இந்த வசதி கூடவே வருகிறது.

இப்படி நாம் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்வதுதான் ஸ்கிரிப்டின் ஆபத்தும். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் மின்னஞ்சலோடு வந்த ஒரு ஸ்கிரிப்ட்தான். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்துக் காட்டியதால் காதல் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். அது படங்களை அழித்து, முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பியது. யாரோ அனுப்பிய ஸ்கிரிப்டை என்ன செய்யும் என்று தெரியாமல் ஓட்டக்கூடாது. நாமே எழுதியதைக்கூட முதல் தடவை ஃபைல்களின் பிரதியில்தான் ஓட்ட வேண்டும், அதுவும் எதையும் சேமிக்காமல், என்ன மாறும் என்று திரையில் காட்டச் சொல்லி. கௌரவம், வெளியீடு, வௌவால், கொள்கை, மௌனம், தெளிவு என்று ஐந்தாறு வம்புச் சொற்களை ஒரு ஃபைலில் போட்டு அதை முதலில் மாற்றிப் பாருங்கள். அதில் தேறிய பிறகு முந்நூறையும் ஒப்படைக்கலாம்.