மூன்றாவது மருந்துக்கு முன் ஓர் உணவுமுறை

வலிப்பு நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களின் நிலைதான் வேறு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் மேலும் 13 சதவீதம் பேருக்கு நின்றது. மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது கூடுதலாகப் பயனடைந்தவர்கள் ஒரு சதவீதம்தான். பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்றே மருத்துவ உலகம் இன்று வரையறுக்கிறது. ஆனாலும் நான்காவது, ஐந்தாவது என்று மருந்துகளை மாற்றிப் பார்ப்பதிலேயே குழந்தைகளின் மூளை வளரும் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. உணவுச் சிகிச்சையைக் கடைசிப் புகலிடமாக வைக்காமல், இரண்டாவது மருந்து தோற்ற இடத்திலேயே யோசிக்க வேண்டும்.

இது புதிய மோகம் அல்ல. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதைக் கண்ட மருத்துவர்கள், பட்டினியின் பலனைச் சாப்பாட்டிலேயே பெற முடியுமா என்று தேடினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் 1921-இல் கீட்டோஜெனிக் உணவுமுறையை முன்வைத்தார். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்குகிறது. குளுக்கோஸுக்குப் பதிலாக மூளை அவற்றை எரிபொருளாகக் கொள்கிறது. 1938-இல் ஃபெனிடாயின் மருந்து வந்ததும் இம்முறை பின்னுக்குப் போனது. மாத்திரை விழுங்குவது எளிது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பலன் தருவதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. லண்டனில் 145 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் இந்த உணவை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கே குறைந்தது. எந்தக் குழந்தைக்கு உணவு, எதற்கு வழக்கமான சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவானது. தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்பது குடும்பத்துக்குத் தெரியுமே, நம்பிக்கையே பலனைக் கூட்டியிருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல மருந்துகள் தோற்று, அன்றாடம் வலிப்பு வந்த குழந்தைகளிடம் கண்ட இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நம்பிக்கை ஒன்றாலேயே விளக்குவது கடினம்.

அரிசிச் சோறு உண்ணும் நாட்டில் இது நடக்குமா என்பது அடுத்த கேள்வி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 102 குழந்தைகளிடம் சோதித்து 2013-இல் பதில் தந்தார்கள். அவர்கள் கொடுத்தது சற்றே தளர்வான, திருத்திய அட்கின்ஸ் உணவுமுறை. அதில் ஒவ்வொரு கவளத்தையும் எடை போட வேண்டியதில்லை. ஆனால் நாளொன்றுக்கு மாவுச்சத்து பத்து கிராம்தான், ஏறக்குறைய ஒரு சிறிய இட்லியோடு தீர்ந்துவிடும் அளவு. அப்படியிருந்தும் மூன்று மாதத்தில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மற்ற குழுவில் 11.5 சதவீதம் பேருக்கே குறைந்தது. கடினம்தான், ஆனால் நம் வீடுகளில் நடக்கக்கூடியது.

தீங்கு இல்லையா? உண்டு. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், ரத்தக் கொழுப்பு ஏறுதல், வளர்ச்சி குறைதல் எல்லாம் வரலாம். கொழுப்பை எரிக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு இது உயிராபத்து. அதனால் பரிசோதனை இல்லாமல், வீடியோ பார்த்து வீட்டில் தொடங்கவே கூடாது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மூளையின் ஒரே இடத்தில் வலிப்பு தோன்றினால் அறுவைச் சிகிச்சையே மேலானதாக இருக்கலாம்; அதையும் இதே கட்டத்தில் ஆராய வேண்டும். ஆனால் இவை கண்காணிப்பு தேவை என்பதற்கான காரணங்களே தவிர, தாமதிப்பதற்கான காரணங்கள் அல்ல. மருந்துகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு; நிற்காத வலிப்புக்கு அவற்றைவிடக் கொடிய விளைவுகள் உண்டு. மூன்று மாதம் முறையாகக் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அதற்கு வேண்டியது, வலிப்பு நோய்ப் பிரிவுகளில் இதில் பயிற்சி பெற்ற உணவியல் நிபுணர். புதிய மருந்துகளுக்குச் செலவிடத் தயங்காத நாம் அந்தப் பணியிடத்துக்கும் தயங்கக் கூடாது.