நிறைவுறாப் பெறுபேறு

பல்கலைக்கழகப் பெறுபேற்றுத் தாளிலே, ஒரு பாடத்துக்கு நேரே தரத்துக்குப் பதிலாக ‘நிறைவுறாதது’ என்னும் குறி சில வேளைகளிற் காணப்படும். அதனைத் தோல்வியென மயங்குவோர் பலர். தோல்வி முடிந்த தீர்ப்பு. நிறைவுறாமையோ ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு.

நாவுலவிலிருந்து மாத்தளை, கண்டி வழியாகப் பேராதனைக்குச் சென்று பயிலும் மாணவியர் இருவரை எண்ணிப் பார்ப்போம். பரீட்சைக் காலத்தில் இருவரையும் டெங்குக் காய்ச்சல் பற்றுகின்றது. இருவரும் ஒரே வினாத்தாளுக்குத் தோற்றவில்லை. ஒருத்தி உடனே பீடத்துக்கு எழுத்தில் அறிவித்து, மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாளுக்குள் சமர்ப்பிக்கின்றாள். மற்றவள் உடல் தேறியபின் பார்க்கலாமென வாளாவிருக்கின்றாள்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொது நடைமுறைப்படி, அச்சான்றிதழைக் கல்வி அதிகாரசபையாகிய மூதவை ஏற்றுக்கொண்டால், முதலாமவள் அடுத்த முறை எழுதுவது முதல் தோற்றலாகவே கொள்ளப்படும். தகுதிக்கேற்ற எத்தரத்தையும் அவள் பெறலாம். மற்றவளோ மீளத் தோற்றுபவளாகின்றாள். எத்துணைச் சிறப்பாக எழுதினும், அவளுக்குப் பெரும்பாலும் 2.0 புள்ளியுடைய ‘சி’ தரமே உச்ச எல்லையாகும்.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். 3 கிரெடிட் பெறுமதியுள்ள பாடத்தில் 3.3 புள்ளிக்குரிய ‘பி பிளஸ்’ பெறத் தக்கவள் ‘சி’ பெற்றால், இழப்பு 3.9 தரப்புள்ளி. 120 கிரெடிட் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் சராசரி ஏறக்குறைய 0.03 குறையும். அற்பமெனத் தோன்றலாம். ஆயினும், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்குப் பெரும்பாலும் 3.30 வேண்டும். 3.32 பெறவேண்டியவள் 3.29 பெற்றுக் கீழ்ப்பிரிவில் நிற்பாள்.

இறுதிப் பரீட்சையை எழுதியும் ஒப்படையையோ செய்முறைப் பயிற்சியையோ முடிக்காதவருக்கும் இக்குறி இடப்படுவதுண்டு. விடுபட்ட பகுதியைக் குறித்த தவணைக்குள் முடித்தால் உரிய தரம் வழங்கப்படும். தவறினால் அது தோல்வித் தரமாக மாறிவிடும்.

இவ்விதிகள் கடுமையானவையோ? நோயுற்றவர் தண்டனை பெறலாகாது. நோயுறாதவர் மேலதிக அவகாசம் பெறலாகாது. இவ்விரு நீதிகளையும் ஒருங்கே காப்பதற்கே சான்றும் கால எல்லையும் வேண்டப்படுகின்றன.

கால எல்லைகள் பீடத்துக்குப் பீடம் வேறுபடும். ஆதலால், முதலாண்டிலேயே மாணவர் கைந்நூலை வாசித்தல் நன்று. மாணவர் படுக்கையிற் கிடக்கும்போது, வீட்டிலுள்ள ஒருவர் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் சான்றிதழின் பிரதியையும் பேணிவைக்க வேண்டும். நோயைத் தடுத்தல் அரிது. கடிதம் விடுத்தல் அரிதன்று.