பழைய கார் சூடாகிறதா? "எப்போது" என்று முதலில் கேளுங்கள்



எங்கள் உதவி நிலையத்துக்கு வருகிறவர்களில் ஊரில் கராஜ் வைத்திருந்தவர்களும் லொறி ஓடினவர்களும் இருக்கிறார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், பெட்போர்ட் லொறி எல்லாம் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. 1990களில், பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த கைகள் அவை. பிரித்தானியாவில் இதே வாகனங்களை இன்றும் ஆசையோடு பேணி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் திருத்தும் கராஜுக்கு நீங்கள் வேலை கேட்டுப் போனால், "கார் சூடாகுது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். "றேடியேற்றரை மாற்றுவேன்" என்று உடனே சொல்லாதேங்கோ. காரணத்தை ஒழுங்காகத் தேடத் தெரியுமா என்பதுதான் அங்கே கேள்வி. சொந்தக் கார் என்றாலும் இந்த ஒழுங்கு வீண்செலவைத் தடுக்கும்.

முதலில் பாதுகாப்பு

சூடான எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. 7 இறாத்தல் அமுக்க மூடி தண்ணீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்தும். திறந்தவுடன் அமுக்கம் போய், தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறும்வரை பொறுங்கோ. மூடியின் றப்பரையும் சுருளையும் பாருங்கள். மூடி பழுதென்றாலே எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும்.

உண்மையில் சூடாகிறதா?

1960களின் நடுப்பகுதிக்குப் பிந்திய பல பிரித்தானியக் கார்களில் வெப்ப மீற்றருக்கும் பெற்றோல் மீற்றருக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கிதான். இரண்டு முள்ளும் ஒன்றாகக் கூடக் காட்டினால், எஞ்சினைக் கழற்றாமல் அந்தச் சின்னச் சாமானைச் சோதியுங்கள்.

எப்போது சூடாகிறது?

1. நெரிசலில் நிற்கும்போது மட்டும்: காற்று போதவில்லை. பான் பெல்ற் தளர்ந்திருக்கிறதா, றேடியேற்றரின் முன்பக்கம் பூச்சியாலும் சேற்றாலும் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. வேகமாக ஓடும்போது: தண்ணீர் ஓட்டம் போதாது. றேடியேற்றர் குழாய்கள் உள்ளே அடைபட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பான் நின்றபின், றேடியேற்றரைக் கவனமாகத் தொட்டுப் பார்த்தால் அடைபட்ட இடம் குளிராக இருக்கும். கீழ் ஹோஸ் மெலிந்திருந்தால், பம்ப் இழுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

3. ஏற்றத்தில், பாரத்தோடு: தீப்பொறி நேரம் பிந்தினாலும், பெற்றோல் கலவை மெலிந்தாலும் சூடு கூடும். லொறியை மேல் கியரில் இழுக்க விட்டால் பானும் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், கியரைக் குறையுங்கள்.

4. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே: தண்ணீர் குறைவு, திறக்காத தேமோஸ்ரற், அல்லது ஹெட் காஸ்கெற்.

தேமோஸ்ரற்றைக் கழற்றி, ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். சமைக்கிற சட்டியைப் பாவிக்க வேண்டாம். உறைதடுப்புத் திரவம் நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

ஹெட் காஸ்கெற் போயிருந்தால், குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் ஸ்ரார்ட் பண்ணும்போது றேடியேற்றர் வாயில் குமிழிகள் விடாமல் வரும். எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதேங்கோ. குளிர்நாட்டில் கிட்டக்கிட்ட ஓடினாலும் அப்படிப் படியும்.

ஊருக்கும் இங்கைக்கும் ஒரு வித்தியாசம்

ஊரில் கிணற்றுத் தண்ணீர் விட்டே ஓடினோம். இங்கே வெறும் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து எஞ்சின் புளொக்கையே பிளந்துவிடும். உறைதடுப்புத் திரவம் அவசியம். நிறத்தைப் பார்த்து வாங்காமல், பழைய எஞ்சினுக்கு ஏற்றதா என்று போத்தலில் வாசியுங்கள்.

சட்டம்

2018 மே 20 முதல், 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத பெரும்பாலான வாகனங்களுக்கு வருடாந்த எம்.ஓ.ரி. சோதனை தேவையில்லை. ஆனால் வாகனம் வீதிக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதே. ஆபத்தான நிலையில் ஓடினால் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்கள், சம்பளமில்லாமலென்றாலும் கராஜில் வேலை தொடங்குமுன் எங்களிடம் வந்து கேளுங்கள். அனுமதி உள்ளவர்கள் நேர்முகத்துக்குப் போகுமுன் இந்த நாலு கேள்வியையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். கைக்குத் தெரிந்ததை வாயாலும் சொல்லத் தெரிந்தால் வேலை கிடைக்க வழி பிறக்கும். பழக விரும்பினால் வாருங்கோ, சேர்ந்திருந்து பழகுவம்.