ஆசுகவி: ஒரு சொல்லாய்வு

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவி நால்வகைப்படும். அவற்றுள், பிறர் பொருள் கொடுத்த அப்பொழுதே பாடப்படுவது ஆசுகவி. ஈண்டு ஆசு என்பது குற்றத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல் அன்று. விரைவு எனப் பொருள்படும் வடசொல். இதனைக் கடும்பா எனவும் வழங்குவர். கடுமை விரைவையும் உணர்த்துதல் 'கடிது வந்தான்' என்னும் வழக்கால் விளங்கும்.

ஆகவே இவ்விரு சொல்லும் விரைவைக் கூறுவனவே அன்றிப் பயிற்சியின்மையைக் கூறுவன அல்ல. பயிற்சியும் எண்ணமும் இன்மையைச் சுட்ட உலக வழக்கில் வேறு தொடர்கள் உள. 'வாய்க்கு வந்தபடி', 'போகிற போக்கில்', 'எடுத்தேன் கவிழ்த்தேன் என்று' என்பன அத்தகையன. இவை பெரும்பாலும் பழிப்பின்கண் வருதல் காண்க.

மதுராந்தகத்துக்குத் தென்கிழக்கே உள்ளது சேயூர். அவ்வூர் முருகன்மீது பிள்ளைத்தமிழ் பாடியவர் 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே கண்ணொளி இழந்த அவர், தம் முதுகில் பிறர் எழுதிக் காட்ட எழுத்துக்களைக் கற்றனர் என்பது செவிவழிச் செய்தி. ஏடு நோக்க இயலாதார்க்கு நெஞ்சமே ஏடு. யாப்பும் சொல்லும் பொருளும் அங்கு முன்னரே நிரம்பியிருத்தலின், கேட்ட அளவில் பாட்டுப் பிறக்கின்றது.

எனவே ஆசுகவிக்கு 'ஆயத்தமின்றிப் பாடுவோன்' என உரை கூறுதல், பல்லாண்டுப் பயிற்சியை மறைப்பதாகும். 'கேட்டவுடன் பாடவல்லான்' என்றலே பொருந்தும் என்பது எம் துணிபு.