ஒரு புள்ளி நெருப்பு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ட்ரோல் என்றொரு அரக்கன் உண்டு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 84 உயிர்ப்புள்ளிகள். வாள்வெட்டை அது பொருட்படுத்தாது. தன் முறை வரும்போதெல்லாம் 10 புள்ளிகளை மீட்டுக்கொள்ளும். உடல்வலு மிக்க வீரர் ஒருவர் பெருவாளால் வெட்டினால் சராசரிச் சேதமும் ஏறக்குறைய 10 புள்ளிதான். வெட்டிய காயம் அத்தனையும் ஆறிப்போகும். ஆனால், தீயோ அமிலமோ பட்டுவிட்டால் அடுத்த முறையில் எந்தக் காயமும் ஆறாது. எரியும் தீவட்டியால் அடித்தால் கிடைப்பது 1 புள்ளி சேதம் மட்டுமே. அந்த 1 புள்ளி போதும், அரக்கனின் 10 புள்ளியை முடக்க.

தீ, நீர் போன்ற பூதங்களை வைத்துச் சண்டை விதி எழுத நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த ட்ரோலைத்தான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட இவ்விளையாட்டில் சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதன் பாத்திரங்களாகப் பேசி முடிவெடுப்பார்கள், தாக்குதல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கணினி கிடையாது. விதி எதுவானாலும் மனக்கணக்கில் அடங்க வேண்டும்.

புதிதாக விதி எழுதுபவர்கள் பெரும்பாலும் எது எதை வெல்லும் என்ற அட்டவணையில் தொடங்குகிறார்கள். நிலம், நீர், தீ, காற்று என நான்கை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரிகள் மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பங்கிட முடியாது. வானத்தையும் சேர்த்து ஐந்தாக்கினால் இரண்டை வென்று இரண்டிடம் தோற்கலாம், கணக்கு நேராகிவிடும். ஆனால் கணக்கு நேரானால் மட்டும் ஆட்டம் சுவைக்காது. அட்டவணை மனப்பாடமானதும் யோசிக்க எதுவும் மிஞ்சாது; நீர் வந்தால் நிலம், தீ வந்தால் நீர் என்று கை தானாகப் போகும்.

அடுத்த சிக்கல் சேதத்தின் அளவு. ஐந்தாம் பதிப்பில் ஒரு பூதத்தை எதிர்க்கும் திறன் இருந்தால் சேதம் பாதி, பலவீனம் இருந்தால் இரட்டிப்பு. மேசையில் போடுவதற்கு இதைவிட எளிய கணக்கில்லை. ஆனால் இரட்டிப்பு கொடூரமானது. தீக்கோள மந்திரத்துக்கு ஆறுமுகப் பகடை எட்டை உருட்ட வேண்டும், சராசரி 28. தீக்குப் பலவீனமான மம்மியின் உயிர்ப்புள்ளி 58. விலகத் தவறினால் அதன்மேல் இறங்குவது 56. சண்டை தொடங்குமுன்பே ஏறக்குறைய முடிந்துவிடும்! 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு இதற்கு வேறு வழி கண்டது. பலவீனம் 5 என்றால் ஒவ்வொரு அடிக்கும் 5 புள்ளி கூடும், அவ்வளவுதான். பெரிய அடி வரம்பு மீறாது. அதே சமயம் சின்னச் சின்ன அடிகளுக்கு மதிப்பு வரும். என் கட்சி இதுவே.

சேதத்தின் அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பூதம் களத்தை எப்படி மாற்றுகிறது என்பது. தீக்கோளம் 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும். உள்ளே நிற்பவர் நண்பரா, எதிரியா என்று தீ பார்க்காது. யாரும் அணியாத, கையில் பிடிக்காத எரிபொருள்கள் பற்றிக்கொள்ளும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பிணைக்கைதி இருக்கிறார் என்று கதை நடத்துபவர் சொன்ன மறுகணம் மந்திரவாதியின் கை தயங்கும். வீசலாமா, தீவட்டியோடு நெருங்கலாமா என்று மேசையில் வாக்குவாதம் எழும். அந்த வாக்குவாதத்தைக் கிளப்பாத பூதத்தை விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம். பனிக்கும் தீக்கும் பெயரும் நிறமும் மட்டும்தான் வேறு என்றால் இரண்டில் ஒன்று தேவையில்லை.

நீங்களும் எழுதிப் பார்க்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. ட்ரோலும் தீக்கோளமும் அதில் உண்டு. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.