வாயில்லாச் சீவனும் வைத்தியர் கடனும்

வைத்தியரை நாடிச் செல்லும் மனிதன் தன் நோவைத் தானே எடுத்துரைக்கிறான். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எதனை உண்டான் என்பனவற்றையெல்லாம் சொல்ல அவனுக்கு வாய் உண்டு. வைத்தியத்திலே பிழை நேர்ந்தால் நீதிமன்றத்தின் படியேறவும் அவனால் இயலும். தொழுவத்திலே படுத்துக் கிடக்கும் பசுவுக்கு இவற்றுள் ஒன்றேனும் இயலுமோ? ‘வாயில்லாச் சீவன்’ என்று நம்மவர் அதனை அழைப்பது வெறும் இரக்கச் சொல் அன்று. சட்டம் வகுப்போரும் சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. பேசாத நோயாளிக்கு வைத்தியஞ் செய்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? பசுவை உடையவனுக்கா, பசுவுக்கா, அன்றி நாட்டுக்கா?

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மலையேறிச் செல்லும் பாதையிலே பன்வில என்னும் சிற்றூர் இருக்கிறது. தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் மூடிய சிகரங்கள் தோன்றும். ஹுலுகங்கை, மடுல்கலை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே லயங்களின் பின்புறம் சிறு சிறு தொழுவங்களைக் காணலாம். அங்கே நிற்கும் ஒரு பசு, ஒரு குடும்பத்தின் இரண்டாவது சம்பளம். பிள்ளைகளின் புத்தகச் செலவும் மகளின் கலியாணச் செலவும் அதன் மடியிலேதான் இருக்கின்றன. அது நோயுற்றால் வீடே உறக்கமின்றி விழித்திருக்கும்.

அப்பகுதியிலிருந்து வந்து எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பிலே கேட்டான்: “சேர், மனிதன் இறந்தால் மரண விசாரணை நடக்கிறது. வைத்தியம் பிழைத்து மாடு இறந்தால் யார் விசாரிப்பார்?” சிரிப்பதற்குரிய கேள்வியன்று இது. மனித குலம் நாலாயிரம் ஆண்டுகளாக விடை தேடி வரும் கேள்வி.

இரண்டு ஊற்றுக்கள்

பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னன் கி.மு. 18ஆம் நூற்றாண்டிலே கல்லிற் பொறித்த சட்டங்களுள், மாட்டுக்கும் கழுதைக்கும் சத்திர வைத்தியஞ் செய்பவனைப் பற்றிய விதிகளும் உள்ளன. பிராணி பிழைத்தால் அவனுக்குக் கூலி. இறந்தால் அதன் விலையில் ஒரு பங்கை அவன் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். நம் பாரத கண்டத்து அர்த்தசாஸ்திரமும் குதிரை வைத்தியரைப் பற்றி இவ்வாறே பேசுகிறது. மருந்தின் குற்றத்தாலோ கவனக் குறைவாலோ நோய் முற்றினால் வைத்தியச் செலவைப் போல இருமடங்கு தண்டம். அதற்கும் மேற்பட்ட கேடு விளைந்தால் குதிரையின் விலையே தண்டம்.

எனினும், இலங்கைச் சட்டத்தின் நேரான மூதாதையைக் காண வேண்டின் உரோமாபுரிக்குச் செல்ல வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அங்கு இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டத்தின் முதற் பிரிவு, பிறனுடைய அடிமையையோ மந்தையாக வளர்க்கப்படும் நாற்கால் பிராணியையோ அநியாயமாகக் கொன்றவன், அவ்வாண்டிலே அதற்கு இருந்த மிக உயர்ந்த விலையைக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. நாய் மந்தைப் பிராணி அன்று என்பதால் அப்பிரிவுக்குள் வராது. யானை காட்டு விலங்கேயாயினும் பாரம் சுமக்கும் தொழில் செய்வதால் அதற்குள் வரும் என்று உரோம நூலோர் நுணுகி ஆராய்ந்தனர். பெரஹராவிலே யானையைக் கண்டு மகிழும் கண்டி வாசிகளுக்கு இச்செய்தி சுவை தருவதன்றோ!

அதே நூலோர் வேறொரு கோட்பாட்டையும் நிறுவினர். தன் தொழிலிலே திறமை இன்மையும் ஒரு குற்றமே என்பதே அது. அதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்கள் இரண்டு: அரைகுறை அறிவோடு கத்தியெடுத்த வைத்தியன் ஒருவன், தன் கோவேறு கழுதைகளை அடக்கத் தெரியாத வண்டியோட்டி ஒருவன். சத்திர வைத்தியத்தைச் செம்மையாகச் செய்துவிட்டு, பின்பு நோயாளியைக் கவனியாது கைவிட்டவனும் குற்றவாளியே என்றனர். இந்த உரோமச் சட்டம் ஒல்லாந்தரால் வளர்க்கப்பட்டு, அவர்களோடு இலங்கைக்கு வந்தது. 1799ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் விடுத்த பிரகடனம் அதனை நிலைக்கச் செய்தது. கவனக் குறைவால் விளைந்த நட்டத்துக்கு ஈடு கேட்போர் இன்றும் நம் நீதிமன்றங்களிலே அந்த அக்குவிலிய வழக்கையே தொடுக்கின்றனர்.

இஃது ஓர் ஊற்று. இதன் அடிப்படை விலை. அதே கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே மற்றோர் ஊற்றும் தோன்றியது. அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் என இருவகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. சோழர், பாண்டியர் நாடுகளும் தாம்பிரபர்ணி எனப்பட்ட நம் ஈழமும் அதிலே பெயர் சுட்டப்பட்டுள்ளன. கி.பி. 4ஆம் நூற்றாண்டிலே அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியரை நியமித்தான் என்றும், நோயுற்ற நாகம் ஒன்றுக்குத் தானே வைத்தியஞ் செய்தான் என்றும் சூளவம்சம் சொல்லும். நாகத்துக்குச் சந்தையிலே விலையேது? ஆகவே இவ்வூற்றின் அடிப்படை கருணை. விலையும் கருணையும் ஆகிய இவ்விரண்டும் கலந்ததே இன்றைய கால்நடை வைத்தியச் சட்டம். அக்கலவையிலே எது மிகுதி, எது குறைவு என்பதே நாம் காண வேண்டுவது.

உடையவனுக்குரிய கடன்

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்பதே அதன் பழைய வடிவம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், பிராணிகளைக் கொன்று தொழில் பயிலுவதைச் சட்டம் பொறுக்காது. 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலே கால்நடை வைத்தியர் சபையை நிறுவிற்று. தகுதி பெற்றோரைப் பதிவு செய்வதும், ஒழுக்கந் தவறியோரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதும் அச்சபையின் அதிகாரங்கள். இதற்கு முன்னோடியாக இங்கிலாந்திலே 1844இல் அரச கால்நடை வைத்தியர் கல்லூரி பட்டயம் பெற்றது. இந்தியா 1984இலே தனக்கென ஒரு கால்நடை வைத்தியர் மன்றச் சட்டத்தை இயற்றியது. பன்வில மக்களுக்கு ஒரு நற்பேறும் உண்டு. கால்நடை வைத்தியம் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகப் பீடமும், கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையமும் அவர்களுக்கு அயலிலேயே இருக்கின்றன.

பதிவு பெற்ற வைத்தியர் நோயைத் தீர்த்தே தருவதாக வாக்களிப்பதில்லை. தம் தொழிலிலே தேர்ந்த நடுத்தரமான ஒருவர் காட்டும் அறிவையும் கவனத்தையும் காட்டுதலே அவரது கடமை. அதனைக் காட்டிய பின்னும் பசு இறந்தால் அவர்மீது குற்றமில்லை. கத்தி வைப்பதற்கு முன் உடையவனின் சம்மதத்தைப் பெறுதலும், ஆபத்தையும் செலவையும் அவனுக்கு விளங்கும் மொழியிலே எடுத்துரைத்தலும் அவர் கடமைகளே. விளங்காத மொழியிலே பெற்ற சம்மதம் சம்மதமாகுமா? தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தொழிலாளிக்கு இது சிறிய காரியமன்று.

ஆனால் வழக்கிலே வெல்வது எளிதன்று. வைத்தியர் கவனக் குறைவாக இருந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. அக்குறைவினாலேயே சாவு நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். 2001ஆம் ஆண்டிலே, ஒரு குழந்தையின் மரணம் பற்றிய வழக்கில், நம் உயர் நீதிமன்றம் இதனை வலியுறுத்திற்று. பணத்தால் அளக்கக் கூடிய நட்டத்துக்கே அக்குவிலிய வழக்கில் ஈடு உண்டு, பிள்ளையின் உறவை இழந்ததற்கு ஈடில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. மனிதக் குழந்தைக்கே இதுதான் நிலையெனின், பெயர் சொல்லி வளர்த்த பசுவை இழந்தவனின் துயரைச் சட்டம் எவ்வாறு அளக்கும்? அதன் விலையும் அது தந்திருக்கக் கூடிய பாலும் கணக்கிலே சேரும்; கண்ணீர் சேராது.

நாட்டுக்குரிய கடன்

மாட்டு வைத்தியர் ஒருவரின் பிழை ஒரு தொழுவத்தோடு நிற்பதில்லை. வெக்கை நோய் ஐரோப்பாவின் மந்தைகளை அழித்தமையாலேயே 1761இல் பிரான்சு நாட்டு இலியோன் நகரிலே முதற் கால்நடை வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. 250 ஆண்டுகள் கழித்து, 2011இல், அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த நோய் அதுவே.

நம் நாட்டிலே விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. தொற்று நோய்களை அடக்க 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்ச் சட்டம் இருக்கிறது. உடையவனின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் பண்பு. ஆயினும் கொள்ளை நோயை மறைப்பது பண்பாகாது. அங்கே நாட்டுக்குரிய கடனே முந்தியது. அவர் கையொப்பமிடும் சுகாதாரச் சான்றிதழும் இத்தகையதே. அதிலே பொய் புகுந்தால், நோயும் அதனோடு லொறியேறி அடுத்த ஊருக்குச் செல்லும்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். மடிநோய்க்குப் பெனிசிலின் முதலிய மருந்துகளை ஏற்றிய பின், குறித்த காலம் வரை அப்பாலை விற்கலாகாது என்று வைத்தியர் சொல்வார். உடையவனுக்கு அஃது இழப்பே. ஆனால் அப்பாலை அருந்துவது எவர் குழந்தையோ! எச்சரிப்பது வைத்தியர் கடன். கேட்டு நடப்பது உடையவன் கடன்.

பசுவுக்குரிய கடன்

மூன்றாவதும் முதன்மையானதுமான கடனுக்கு வருவோம். இங்கேதான் சட்டத்தின் குரல் மெலிந்து ஒலிக்கிறது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் பிராணிகளை வதைப்போருக்கு விதித்த உச்சத் தண்டம் 100 ரூபா. சிறையாயின் 3 மாதம். 1907இலே 100 ரூபா பெரும் பணம். பின்னர் வந்த தலைமுறைகளிலே ரூபாவின் மதிப்புக் கரைந்தது. தண்டத் தொகையோ பத்தாண்டுகள் பல கடந்தும் மாறவில்லை. 2006இலே சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு ஒரு வரைவை ஆயத்தஞ் செய்தது. அவ்வரைவும் ஆண்டுகள் பல சட்டமாகாமலே கிடந்தது.

இந்தியாவிலே இவ்விடயம் பெரும் வழக்காக மூண்டது. பசி, வருத்தம், நோய், அச்சம் என்பனவற்றிலிருந்து விடுதலையும், இயல்பாக வாழும் விடுதலையும் ஆகிய ஐந்தையும் விலங்குகளுக்குரியனவாக 2014இல் சல்லிக்கட்டு வழக்கிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் போற்றிற்று. 2023இலே அதே நீதிமன்றத்தின் ஐவர் ஆயம், தமிழ் நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றுச் சல்லிக்கட்டை அனுமதித்தது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென்று சொல்ல அது முன்வரவில்லை. அறிஞரிடையேயும் இது தீராத வாதமே.

சட்டம் தயங்கும் இடத்திலே வைத்தியரின் மனச்சாட்சியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது. மரக்கச் செய்யாது கத்தி வைப்பதா? பிழைக்காது என்று தெரிந்தும், ஊதியத்துக்காக ஊசி மேல் ஊசி ஏற்றுவதா? இவற்றுக்கு உடையவன் சம்மதித்தாலும், பசு சம்மதிக்கவில்லை என்பதை நினைப்பவரே நல்ல வைத்தியர்.

அம்மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுதான். மாடு இறந்தால் மரண விசாரணை இல்லை. ஆனால் விசாரிக்க வழி இல்லாமல் இல்லை. வந்தவர் பதிவு பெற்றவரா என்று முதலிலேயே கேட்டறிக. ஏற்றிய மருந்தின் பெயரையும் நாளையும் எழுதி வாங்குக. இறந்தால், புதைப்பதற்கு முன் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து, பரிசோதனை செய்விக்க முயல்க. ஒழுக்கக் கேடாயின் சபைக்கு எழுதுக. நட்டமாயின் நீதிமன்றம் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இத்தொண்டைத் தம் பெற்றோருக்குச் செய்யலாம்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டிக் கழுத்துக்கு மாலை சூட்டுகிறோம். மறுநாள் அதே பசு நோவினால் முனகினால், அருகிலுள்ள எவனையோ அழைத்து ஊசி போடச் சொல்வது முறையாகுமா? வாயில்லாச் சீவனுக்கு வாயாக இருக்க வேண்டியவர் முதலில் அதன் பாலைக் குடித்து வளர்ந்தவரேயாவர்.